ஒரு பூட்டு போதுமா?

வெளியூர் கிளம்பும்போது வாசற்கதவைப் பூட்டுகிறோம். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறோம். அப்படியும் மனசு கேட்கிறதா? எதிர்வீட்டு மாமியிடம், "கொஞ்சம் பார்த்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறுகிறோம். நாலு பவுன் சங்கிலிக்கும் இரண்டு பட்டுப் புடவைக்கும் இத்தனை காவல்!

ஆனால், "இப்போதைக்குக் குழந்தை வேண்டாம்" என்று தீர்மானித்த தம்பதிகள் பலர், அந்தத் தீர்மானத்துக்கு ஒரே ஒரு பூட்டைத்தான் போடுகிறார்கள். அது சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பதும் இல்லை. நாள் தள்ளிப்போன பிறகு, காலண்டர் முன்னால் நின்று விரல் மடக்குகிறார்கள்.

சங்கோசப்படாமல் மேலே படியுங்கள், சகோதரிகளே. இது ஒன்றும் புது விஷயம் அல்ல. குடும்பக் கட்டுப்பாட்டைச் சர்க்கார் திட்டமாகவே உலகத்தில் முதன்முதலாக ஏற்றுக்கொண்ட தேசம் நம்முடையது. அது 1952ஆம் ஆண்டு. அந்த நாளில் மைசூர் ராஜ்யத்து ராமநகரத்திலும் டில்லி லோடி காலனியிலும் ஸ்திரீகளுக்கு நாள் எண்ணும் முறையைக் கற்றுக்கொடுத்துப் பரீட்சை நடத்தினார்கள். எண்ணிக்கை தப்பாமல் இருக்க, நிறம் நிறமாக மணி கோத்த மாலைகளைக் கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மாலை கையில் இருந்தாலே போதும், கர்ப்பம் தங்காது என்று நம்பியவர்களும் உண்டு என்று ஒரு கதை.

சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால், மாத்திரை அட்டையை அலமாரியில் வைத்து நாலு நாள் மறந்துவிட்டு, "நான்தான் மாத்திரை சாப்பிடுகிறேனே!" என்று நிம்மதியாக இருப்பவர்களும் அதே மாலையைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எதற்கு எவ்வளவு பலம்?

அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். எந்தத் தடையும் இல்லாமல் தாம்பத்தியம் நடத்தும் 100 பெண்களில் ஒரு வருஷத்துக்குள் சுமார் 85 பேர் கர்ப்பம் தரிக்கிறார்கள். ஆணுறையை மட்டும் நம்புகிறவர்களில் 13 பேர். தினசரி மாத்திரையை மட்டும் நம்புகிறவர்களில் 7 பேர். கணவர் கடைசி நிமிஷத்தில் விலகிக்கொள்ளும் முறையில் சுமார் 20 பேர். காப்பர்-டி வைத்துக்கொண்டவர்களில் ஒருவருக்கும் குறைவு.

"மாத்திரை இவ்வளவு மோசமா?" என்று கேட்பீர்கள். குறை மாத்திரையில் இல்லை. ஒரு நாள்கூடத் தப்பாமல் சாப்பிட்டால் 1,000 பேரில் 3 பேருக்குத்தான் பலிக்காமல் போகும். ஆனால் நம் வீடுகளில் குழந்தைக்குக் காய்ச்சல் வரும், ஊரிலிருந்து நாத்தனார் வருவார், தீபாவளி வரும். மாத்திரை மறந்துபோகும். மருந்தின் பலம் வேறு. மறதியோடு சேர்ந்த மருந்தின் பலம் வேறு!

இங்கேதான் இரண்டாவது பூட்டு வருகிறது. மாத்திரையும் ஆணுறையும் சேர்ந்தால், கர்ப்பம் உண்டாக இரண்டுமே ஒரே சமயத்தில் தவற வேண்டும். காகிதத்தில் பெருக்கிப் பார்த்தால் 100 பேரில் ஒருவருக்கும் குறைவாக வரும். ஆனால் ஒரு எச்சரிக்கை. "மாத்திரை இருக்கிறதே" என்று ஆணுறையையும், "ஆணுறை இருக்கிறதே" என்று மாத்திரையையும் அலட்சியம் செய்தால் இந்தப் பெருக்கல் பலிக்காது. இரண்டு பேரும் மற்றவர் பூட்டியிருப்பார் என்று நினைத்தால், கதவு திறந்துதான் கிடக்கும்.

சேரும் ஜோடிகள்

மாத்திரையோ, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் கூடவே ஆணுறையும் உபயோகிக்கலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பால்வினை நோய்களிலிருந்து காப்பாற்றும் சக்தி மாத்திரைக்கும் இல்லை, ஊசிக்கும் இல்லை, காப்பர்-டிக்கும் இல்லை, ஆணுறைக்குத்தான் உண்டு.

காப்பர்-டி வைத்துக்கொண்டவர்களுக்குக் கர்ப்பத்தைத் தடுக்க இரண்டாவது பூட்டு அநேகமாகத் தேவையில்லை. 380ஏ என்ற வகை பத்து வருஷம் வரை வேலை செய்யும். அது தன் இடத்தில் இருக்கிறதா என்று டாக்டர் சொல்லும் தவணையில் போய்ப் பார்த்துக்கொண்டால் போதும்.

சில சமயங்களில் இரண்டாவது பூட்டு கொஞ்ச காலத்துக்கு மட்டும் அவசியம். மாத்திரை அடுத்தடுத்து இரண்டு நாளைக்கு மேல் மறந்துபோனால், மறுபடி ஆரம்பித்து ஏழு நாள் வரை ஆணுறை வேண்டும். க்ஷய ரோகத்துக்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும், வலிப்பு நோய்க்குச் சில மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கும் கருத்தடை மாத்திரையின் வீரியம் குறைந்துவிடும். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும், நீங்கள் சாப்பிடும் மருந்துகளை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.

கணவர் ஆபரேஷன் செய்துகொண்டாரா? மிகவும் நல்லது. ஆனால் அன்றைக்கே பலன் கிடைத்துவிடாது. மூன்று மாதம் வரை வேறு தடை வேண்டும். அதன் பிறகு விந்துப் பரிசோதனை செய்து, "இனிப் பயமில்லை" என்று டாக்டர் சொன்ன பிறகே மற்றதை விட வேண்டும். இது தெரியாமல் ஒரு பெண்ணின் நடத்தையையே சந்தேகித்த குடும்பங்கள் உண்டு. ஆபரேஷனுக்கு மறு மாதம் அவள் கர்ப்பமானால், குற்றம் அவளுடையது அல்ல, அவசரத்தினுடையது.

சேராத ஜோடிகள்

எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினால் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஆணுறை வேண்டாம். ஆணுறையும் பெண்ணுறையும் சேர்த்தும் வேண்டாம். உராய்ந்து கிழியவோ நழுவவோ கூடும். நம் வீட்டில் எதற்கும் கைகண்ட மருந்தான தேங்காய் எண்ணெயும் இங்கே சத்துரு. எண்ணெயும் வாஸ்லினும் பட்டால் ஆணுறையின் ரப்பர் பலவீனமாகிவிடும்.

டாக்டரைக் கேளாமல் ஊசியும் மாத்திரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளாதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், கண்ணில் பூச்சி பறந்து வரும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் சாதாரண மாத்திரையே ஒத்துக்கொள்ளாது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்குச் சரியாக இருந்தது என்பது உங்களுக்குச் சிபாரிசு ஆகாது. லக்னோ ஆராய்ச்சிசாலையில் கண்டுபிடித்து 1991ல் வெளிவந்த 'சஹேலி' என்ற மாத்திரையில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று என்று சாப்பிட வேண்டும். அதுவே 'சாயா' என்ற பெயரில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கிடைக்கிறது. அதற்கும் டாக்டரின் யோசனை வேண்டும்.

பால் கொடுத்தால் பயமில்லையா?

"பால் கொடுக்கிறேன், மாதவிலக்கும் வரவில்லை, எனக்கு என்ன பயம்?" என்று சொல்லும் இளம் தாய்மார்கள் ஏராளம். இதில் பாதி உண்மை உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுக்காமல், இரவிலும் பால் கொடுத்து, மாதவிலக்கும் வராமல் இருந்தால் இது நல்ல காவல்தான். இந்த நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் காவல் போயிற்று. மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிப்பட்டுவிடலாம். அதனால்தான், இடையில் ஒரு தடவைகூட மாதவிலக்கு ஆகாமலே மறுபடி கர்ப்பமான பெண்களைப் பார்க்கிறோம்.

ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு வருஷ இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. நம் தேசத்தில் 2019-21ல் எடுத்த குடும்பநலக் கணக்கின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் 100க்கு 57 பேர் இரத்த சோகை உள்ளவர்கள். போன பிரசவத்தில் இழந்த இரத்தம் ஊறுவதற்குள் அடுத்ததா? இடுப்புக் குழந்தைக்கும் கஷ்டம், வயிற்றுக் குழந்தைக்கும் கஷ்டம், நடுவில் நிற்கும் தாய்க்கு அதைவிடக் கஷ்டம்.

பூட்டு உடைந்தால்?

ஆணுறை கிழிந்தது, அல்லது மாத்திரை விட்டுப்போனது. இப்படி நேர்ந்தால் அழுதுகொண்டிருக்க வேண்டாம். 72 மணி நேரத்துக்குள் சாப்பிடும் அவசர மாத்திரை உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி வைத்துக்கொண்டால் அதைவிட நிச்சயம். அவசர மாத்திரை ஏற்கெனவே தங்கிவிட்ட கருவைக் கலைக்காது. கரு உண்டாகாமல்தான் தடுக்கும். ஆனால் அதை மாதா மாதம் பலகாரம் மாதிரி சாப்பிடக் கூடாது. அது ஆபத்துக்கு உதவும் சாமான்; அன்றாடச் செலவுக்கு அல்ல.

அதையும் மீறிக் கர்ப்பம் தங்கினால், கடையில் மாத்திரை வாங்கி நீங்களே சாப்பிடாதீர்கள். நாட்டு வைத்தியமும் வேண்டாம். உயிருக்கே ஆபத்து. 1971ஆம் வருஷத்துச் சட்டமும் 2021ல் செய்த திருத்தமும், தடைமுறை பலிக்காமல் உண்டான கர்ப்பத்தை 20 வாரத்துக்குள் தகுதியுள்ள டாக்டரிடம் கலைத்துக்கொள்ள இடம் கொடுக்கின்றன. விவாகமான பெண்ணுக்கு உள்ள அந்த உரிமை விவாகமாகாத பெண்ணுக்கும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதமே போதும்.

அவருடைய பங்கு

கடைசியாக, வீட்டு எஜமானருக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை மடித்து அவர் காப்பி டம்ளர் பக்கத்தில் வைத்துவிடுங்கள்!

அதே 2019-21 கணக்கில், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 100க்கு 38 பேர். கணவர் செய்துகொண்டார் என்று சொன்னவர்கள் 1,000 பேரில் 3 பேர்தான். இத்தனைக்கும் ஆண்களுக்கான ஆபரேஷன்தான் சுலபமானது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை; அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். 1968ல் மூன்று நிரோத் பதினைந்து பைசாவுக்கு வெற்றிலை பாக்குக் கடையில்கூடக் கிடைக்கும்படி சர்க்கார் ஏற்பாடு செய்தது. இன்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது. வாங்கிவருவதற்கு வேண்டியது காசு அல்ல, மனசு.

"அதெல்லாம் உன் டிபார்ட்மெண்ட்" என்று அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டால் விட்டுவிடாதீர்கள். "ஒரு பூட்டு என்னுடையது, ஒரு பூட்டு உங்களுடையது" என்று சொல்லுங்கள். பிறகு இருவருமாகச் சேர்ந்து ஒரு நாள் லேடி டாக்டரைப் போய்ப் பாருங்கள். உங்கள் உடம்புக்கு எந்த ஜோடி பொருந்தும் என்று அவர் சொல்வார். வெள்ளம் வருமுன் அணை போடுவது குடித்தனக்காரர்களுக்குப் புதிதா என்ன?

வரப்போகும் குழந்தை, "எப்போது வரும்?" என்று ஆசையோடு காத்திருக்கும் வீட்டில் பிறக்கட்டும். அதுவரை கதவு பத்திரமாக இருக்கட்டும்.