டெஸ்டோஸ்டிரோன்: ஊசியா, ஜெல்லா, மூக்கா?

பழனியில் நண்பர் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு. இரண்டு காலைப் பரிசோதனையிலும் அதே முடிவு. ஊசி என்றால் அவருக்குப் பயம். "மாத்திரை இல்லையாப்பா?" என்றார். தேடிப் படித்தேன்.

வெறும் டெஸ்டோஸ்டிரோனை விழுங்கினால் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும். இதைச் சமாளிக்க வந்த மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் கல்லீரலையே பதம் பார்த்தது. அண்டெகனோயேட் மாத்திரை நிணநீர் வழியாகச் சுற்றிப் போகும். ஆனா கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுக்கணும். மூக்கு ஜெல்லுக்கு அமெரிக்காவில் 2014-இல் அனுமதி. தினம் மூன்று வேளை. கொடைக்கானல் போனாலே மூக்கு ஒழுகும் ஆளுக்குச் சரிவருமா?

எனக்கு சுவாரசியமாகப் பட்டது விதைப்பை. 1967-இல் ஃபெல்ட்மனும் மைபாக்கும் அளந்தபோது, ஹைட்ரோகார்டிசோன் முன்கையைவிட அங்கே 42 மடங்கு உள்ளே போயிருக்கிறது. 1993-லேயே அமெரிக்காவில் அதற்கென ஒரு பட்டை வந்தது. முடியை மழித்துவிட்டு ஒட்டணும், யாருக்குப் பொறுமை! அந்தத் தோலில் உள்ள நொதி டி.எச்.டி. அளவையும் ஏற்றிவிடும்.

நண்பருக்கு மூன்று வயசில் மகள். தோளில் பூசிய ஜெல், பிள்ளையைத் தூக்கும்போது அவள்மேல் ஒட்டும். அப்படிச் சில குழந்தைகளுக்குப் பருவ அறிகுறிகள் முன்கூட்டியே வந்ததால்தான் 2009-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது. கை கழுவி, பூசிய இடத்தைத் துணியால் மூடினால் ஆபத்து குறையும்தான். ஆனா ஓடிவந்து தோளில் தொங்கும் பிள்ளை இருக்கும் வீட்டில்? நான் ஊசி பக்கம்: 1000 மி.கி. அண்டெகனோயேட், முதல் இரண்டு ஊசிக்கு அப்புறம் சுமார் 10–14 வாரத்துக்கு ஒன்று.

அடுத்த பிள்ளை வேணும்னு நினைத்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லச் சொன்னேன். வெளியிலிருந்து எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியைக் குறைத்துவிடும். அவருக்கு இது தெரியவே தெரியாது.