அடிபட்டு வளர்ந்தவள் அடிப்பாளா?

இரவு இரண்டு மணி. குழந்தை வீறிட்டு அழுகிறது. பசியா, வயிற்றுவலியா என்று ஒரு தாய் யோசிக்கிறாள். அடியும் வசவுமாக வளர்ந்த இன்னொரு தாய்க்கோ நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. ஏன்?

பயத்திலேயே வளரும் பிள்ளையின் உடல், எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்துப் பழகிவிடுகிறது. மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலா சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளலாம். மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் சுரப்பின் ஒழுங்கு குலையலாம். வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் லேசில் போவதில்லை. குழந்தையின் அழுகை உதவி கேட்பதாகத் தோன்றாமல், தன்னைக் குற்றம் சாட்டுவதாகத் தோன்றுகிறது. கோபம் பொங்குகிறது, அல்லது மனம் மரத்துப்போகிறது.

அப்படியானால் அடிபட்டவர்கள் எல்லோரும் அடிப்பார்களா? இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ஜோன் காஃப்மன், எட்வர்ட் ஜிக்லர் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, ஏறக்குறைய 30 சதவீதம் பேரே அப்படி என்று 1987-இல் மதிப்பிட்டார்கள்.

மற்றவர்கள் எப்படித் தப்பினார்கள்? அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஏழைத் தாய்மார்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பைரன் எகலண்ட் குழு, 1988-இல் மூன்று விஷயங்களைச் சுட்டியது: சிறுவயதில் அன்பு காட்டிய ஒரு பெரியவர், ஏதோ ஒரு கட்டத்தில் கிடைத்த உளச்சிகிச்சை, ஆதரவான துணை.

ஆகவே, “பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை” என்று அப்படி வளர்ந்த தாயைத் திட்டுவதற்கு முன், அழும் குழந்தையைப் பத்து நிமிடம் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.