பாட்டி சொல்லிக் கொடுத்த ஜெபம்

ஆரணி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சந்தேகமென்ன, பட்டுப் புடவைதான்! உடுத்தினால் உடம்பில் பாரம் தெரியாது, விலையும் கொஞ்சம் சகாயம் என்று சொல்லி, கல்யாணத்துக்கு நாள் குறித்த கையோடு ஆரணிக்குப் பஸ் ஏறுகிற பெண்மணிகள் எனக்கு அநேகம் பேரைத் தெரியும். நானும் புடவை விஷயமாகத்தான் அங்கே போனேன். ஆனால் திரும்பி வரும்போது மனசில் இருந்தது புடவை அல்ல. ஒரு பாட்டியும் பேத்தியும்தான்.

நெசவாளர் வீதி ஒன்றில், மாலை மங்கும் நேரம். உள்ளே தறியில் நாடா ஓடுகிற சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் அந்தப் பாட்டி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ஊடைக்கு வேண்டிய பட்டு நூலைச் சின்னக் குழலில் சுற்றி நாடாவுக்குள் வைப்பார்களே, அதுதான் தார். அக்கம்பக்கத்துத் தறிக்காரர்களுக்குக் கூலிக்குச் சுற்றிக் கொடுக்கிறாளாம். "உட்காரு கண்ணு, இதோ ஆச்சு" என்றாள் என்னிடம். ராட்டையை ஓரமாகத் தள்ளினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். ஒன்பது வயசுப் பேத்தி ஓடி வந்து பக்கத்தில் மண்டியிட்டது. அது கிறிஸ்தவக் குடும்பம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆரம்பித்தது: "இயேசப்பா, எனக்குக் கணக்கிலே நூறு மார்க் வேணும். புது ஜாமெட்ரி பாக்ஸ் வேணும். சனிக்கிழமை மழை வரக் கூடாது. அப்புறம் எனக்கு..."

பாட்டி கண்ணைத் திறக்கவேயில்லை. "ஏண்டி, இது ஜெபமா, மளிகைக் கடைச் சீட்டா?" என்றாள். "மறுபடியும் முதல்லேருந்து சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உடனே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நீங்களும் நானும் எந்தச் சாமிக்கு முன்னால் நின்றாலும் பெரும்பாலும் இந்த மளிகைச் சீட்டைத்தானே நீட்டுகிறோம்?

ஜெபம் செய்வதற்கு ஒருவர் கற்றுக்கொடுக்க வேண்டுமா, அது தானாக வருவதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இயேசுவின் சீடர்களுக்கும் இதே சந்தேகம் வந்திருக்கிறது. அவர்கள் யூதர்கள். சிறு வயதிலிருந்தே பிரார்த்தனையில் ஊறியவர்கள். அப்படிப்பட்டவர்களே ஒருநாள் அவரிடம் போய், எங்களுக்கு ஜெபம் பண்ணக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார்களாம். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் இது இருக்கிறது. அதற்குப் பதிலாக அவர் சொல்லிக் கொடுத்ததுதான் உலகத்துக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் சொல்லும் கர்த்தர் கற்பித்த ஜெபம். நம் பக்கத்தில் பரமண்டல ஜெபம் என்பார்கள். நிதானமாகச் சொன்னால்கூட ஒரு நிமிஷம் பிடிக்காது.

அதன் வரிசையைக் கவனியுங்கள். கடவுளைத் தகப்பன் என்று கூப்பிட்டு ஆரம்பிக்கிறது. முதலில் அவருடைய பெயர், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம். இந்த மூன்றும் ஆன பிறகுதான் நம்முடைய தேவைகள் வருகின்றன. அதிலும் இன்றைக்கு வேண்டிய சாப்பாடு மட்டும். நாளைக்கு உள்ளது இல்லை. பிறகு மன்னிப்பு. பிறகு சோதனையிலிருந்தும் தீமையிலிருந்தும் காப்பாற்றும்படி வேண்டுதல். இதில் எந்த இடத்திலும் 'எனக்கு' என்ற வார்த்தையே கிடையாது. எல்லாம் 'எங்களுக்கு'தான்.

பாட்டி இதைப் பேத்திக்கு எப்படி விளக்கினாள் தெரியுமா? "உனக்கு மட்டும் சோறு கேட்டா எப்படி? எதிர் வீட்டுப் புள்ளைக்கு வயிறு இல்லையா?" அவ்வளவுதான். புடவையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி என்று வாழ்கிற ஊரில், 'இன்றைக்குச் சாப்பாடு' என்பதற்கு வேறு வியாக்கியானம் தேவையில்லை.

குழந்தை சொன்ன அந்த 'வேணும்' இருக்கிறதே, அது தமிழ்நாட்டில் ஒரு பெரிய மனிதரையே ஏமாற்றிய சொல். அந்தக் கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்கிறேன்.

1542-ம் ஆண்டு பிரான்சிஸ் சவேரியார் என்ற பாதிரியார் கோவாவுக்கு வந்து இறங்கினார். அந்த வருஷமே அங்கிருந்து தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்குப் போனார். அங்கே பரதவர்கள் சில வருஷங்களுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் ஜெபம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் அறிந்த சிலரைக் கூட்டி வைத்துக்கொண்டு, மிகவும் சிரமப்பட்டு ஜெபங்களைத் தமிழில் எழுத வைத்தார். பிறகு அவரே அவற்றைப் பள்ளிப் பிள்ளை மாதிரி நெட்டுருப் போட்டார். கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக ஆட்டிக்கொண்டே போவாராம். குழந்தைகள் கூட்டம் கூடிவிடும். ஒரு மாதம், தினம் இரண்டு வேளை பாடம். குழந்தைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஊரை விட்டுப் போகும்போது ஜெபங்களின் பிரதி ஒன்றை அங்கே வைத்துவிட்டுப் போவார். இதையெல்லாம் 1544-ம் வருஷம் ஜனவரி மாதம் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே விவரித்திருக்கிறார்.

இதில்தான் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. கிறிஸ்தவர்களின் விசுவாசப் பிரமாணம், 'நான் விசுவசிக்கிறேன்' என்று தொடங்க வேண்டியது. மொழிபெயர்த்தவர்கள் அந்த இடத்தில் 'எனக்கு வேணும்' என்று போட்டுவிட்டார்கள்! கடற்கரை நெடுக ஜனங்கள் பக்தியோடு கைகூப்பி, 'நம்புகிறேன்' என்பதற்குப் பதிலாக 'வேணும், வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிய வந்ததும், சவேரியார் தம் கூட்டாளி மன்சிலாஸுக்குக் கடிதம் எழுதினார். இனிமேல் 'வேணும்' என்று சொல்லாதீர்கள், 'விசுவாசம்' என்ற சொல்லைப் போடுங்கள் என்று அதில் திருத்திச் சொன்னார்.

அந்த மொழிபெயர்ப்பாளர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். சாமியிடம் மனுஷன் பேசுகிற முதல் சொல் எது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது!

இன்னொரு சங்கதி. தமிழில் அச்சேறிய ஆதிப் புத்தகங்களே ஜெபம் கற்றுக்கொடுக்க வந்தவைதான். 1554-ல் லிஸ்பன் நகரத்தில், தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் போட்டு ஒரு வேத போதகச் சிறுநூல் அச்சிட்டார்கள். அதற்கு உழைத்தவர்கள் மூன்று தமிழர்கள். 1578-ல் அண்டிரிக் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. மொத்தம் 16 பக்கம். இன்று நீங்கள் வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிக்கிறீர்களே, அந்த அச்செழுத்தின் வம்சாவளி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆரணிக் கதைக்குத் திரும்புவோம். 1853-ல் அமெரிக்காவின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் மூவர் ஆற்காடு மிஷன் என்பதை ஏற்படுத்தினார்கள். அவர்கள் ஆரம்ப காலத்திலேயே இடம் பிடித்து ஊழியம் செய்த ஊர்களில் ஆரணியும் ஒன்று. மூத்தவரான ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் தம் சபையின் ஆராதனை முறைகளைத் தமிழில் எழுதி 1862-ல் சென்னையில் அச்சிட்டார். புத்தகம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும். படிக்காத பெண்களுக்கு? அவர்களுக்காக வேதாகம ஸ்திரீகள் என்று சில பெண்மணிகள் வீடு வீடாகப் போனார்கள். அடுப்பங்கரை வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒரு வாக்கியமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பாட்டியின் பாட்டி அப்படித்தான் கற்றுக்கொண்டாளாம். அந்தச் சபைகள் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையோடு ஒன்றாயின. பாட்டிக்கு இந்த வருஷக் கணக்கெல்லாம் தெரியாது. ஜெபம் மட்டும் தெரியும்.

ஜெபம் பண்ணுகிறவன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளட்டும் என்று இயேசு சொல்லியிருக்கிறார். தெருவில் நாலு பேர் பார்க்க நின்று செய்யக் கூடாது, வார்த்தைகளை அலப்பவும் கூடாது என்பது அவர் கருத்து. சரி, தறியே கூடத்தை அடைத்துக்கொண்டிருக்கிற வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? இங்கிலாந்தில் சுசானா வெஸ்லி என்ற அம்மாளுக்கு இதே தொல்லை இருந்தது. பத்தொன்பது பிள்ளை பெற்றவர். மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்த ஜான் வெஸ்லியின் தாயார். வீட்டில் ஒரு மூலைகூடத் தனிமை கிடையாது. சமையல் மேலங்கியைத் தூக்கித் தலைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். அம்மா ஜெபத்தில் இருக்கிறாள், கிட்டப் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம். இந்தக் கதையைச் சொன்னதும் பாட்டி தன் முந்தானையைத் தொட்டுக் காட்டினாள். "இதான் என் அறை."

ஜெபத்துக்கு என்ன பலன் என்று கேட்பவர்கள் உண்டு. ஆரணியிலிருந்து பஸ் ஏறினால் வேலூர். அங்கே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி உங்களுக்குத் தெரியும். அதை ஆரம்பித்த ஐடா ஸ்கடர், மிஷன் சகோதரர்களின் அண்ணன் தம்பி வழி வந்த பெண். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்திருந்தார். இங்கே தங்குகிற உத்தேசமே அவருக்கு இல்லை. ஓர் இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் ஹிந்து. மூவர் மனைவிக்கும் பிரசவ வேதனை. மூவரும் ஐடாவைக் கூப்பிட்டார்கள். அவர் டாக்டர் இல்லை. டாக்டரான அவருடைய தகப்பனாரை அனுப்பலாம் என்றால், அந்நிய ஆண் வரக் கூடாது என்றார்கள். ஐடா அன்று தூங்கவில்லை, ஜெபம் செய்துகொண்டிருந்தார். விடிந்ததும் விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். இரவெல்லாம் அவர் எதைக் கேட்டிருந்தாலும், கிடைத்தது அவர் கேட்டது அல்ல. பெற்றோரிடம் போய், வைத்தியம் படிக்கப் போகிறேன் என்றார். படித்துத் திரும்பி வந்து, 1918-ல் பெண்களுக்கென்று வேலூரில் வைத்தியப் பள்ளி தொடங்கினார்.

இதைக் கேட்டுப் பாட்டி தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. ராட்டையை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டு, நூலைத் தேடுகிற மாதிரி குனிந்தபடியே சொன்னாள்:

"எனக்கு அந்த ஜெபம் முழுசா வர ஏழு வருஷம் ஆச்சு கண்ணு."

படிக்கத் தெரியாததாலா என்று கேட்டேன்.

"இல்லை. அதிலே ஒரு வாக்கியம் இருக்குதே, நாங்க மத்தவங்களை மன்னிக்கிற மாதிரி எங்களையும் மன்னியும்னு கேக்கிறது. அது வரும்போது வாயை மூடிக்குவேன். எங்க ஓரகத்தி இருந்தா. வீடு பாகம் பிரிச்சப்போ கிணத்துக்கு வழி விடமாட்டேன்னுட்டா. என் பெரிய பையன் கைக்குழந்தை. தெருமுனைக் குழாயிலேருந்து தண்ணி தூக்கியே என் இடுப்பு போச்சு. அவளை மன்னிச்சேன்னு எப்படிப் பொய் சொல்றது, அதுவும் சாமிகிட்டே? கோயில்லே எல்லாரும் சேர்ந்து சொல்லுவாங்க. நான் மட்டும் அந்த இடத்திலே சும்மா நிப்பேன். யாருக்கும் தெரியாது."

இயேசு அந்த ஜெபத்தைச் சொல்லி முடித்த பிறகு, அதில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பவும் எடுத்து அழுத்திச் சொன்னார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். அது இந்த மன்னிப்பு விஷயம்தான். பாட்டிக்கு இடறிய அதே இடம்.

"அப்புறம் எப்படி வந்தது?"

"முதல்லே அவ பேரை மட்டும் சொன்னேன். வேற ஒண்ணும் கேக்கலை. தினம் அவ பேரு. பல்லைக் கடிச்சிக்கிட்டுத்தான். ஒரு வருஷம் இருக்கும். அப்புறம் அவளுக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டேன். கஞ்சி வச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். அவ வாங்கிக்கலை." பாட்டி நூலின் முனையைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஆனா அன்னிக்கு ராத்திரி அந்த வாக்கியம் வாயிலே வந்துடுச்சு."

ஓரகத்தி பிறகு பேசினாளா என்று கேட்டேன். செத்துப் போகிற வரைக்கும் பேசவில்லையாம்.

இதற்குள் குழந்தை மறுபடி மண்டியிட்டுவிட்டது. இந்தத் தடவை வரிசை பிசகாமல் பரமண்டல ஜெபத்தைச் சொன்னது. அப்புறம் அப்பா, அம்மா, எதிர் வீட்டுப் பிள்ளை, கணக்கு டீச்சர், திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆன்ட்டி என்று ஒவ்வொருவருக்காகவும் வேண்டிக்கொண்டது. என் பெயர் தெரியாததால் 'ஆன்ட்டி' என்றே விட்டுவிட்டது. பாட்டியின் முகத்தில் திருப்தி.

கடைசியில் குரலை ரொம்பத் தாழ்த்தி, பாட்டி காதில் விழாதென்று நினைத்தோ என்னவோ, "அந்த ஜாமெட்ரி பாக்ஸும்..." என்றது.

பாட்டி வீதிக்கே கேட்கும்படி, "ஆமென்!" என்றாள்.