‘கோ’வின் இறந்தகாலம்

கோ, வென்ட், கான் என்று பள்ளியில் ராகம் போட்டு ஒப்பித்திருப்போம். ‘போ’ என்ற பொருள் தரும் ‘கோ’வின் ஓர் எழுத்துகூட அதன் இறந்தகாலமான ‘வென்ட்’டில் இல்லையே என்று கேட்டால், “அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு” என்பார்கள். ஆனால் அதற்குக் காரணம் உண்டு. வென்ட் வேறொரு வினைச்சொல்லுக்குப் பிறந்த பிள்ளை. கோ அதைத் தத்தெடுத்துக்கொண்டது.

பெற்ற சொல் ‘வெண்ட்’. பழைய ஆங்கிலத்தில் அதற்குத் ‘திருப்பு, திரும்பு’ என்று பொருள். ஒரு திசைநோக்கித் திரும்புவது, அத்திசையில் கிளம்புவது, பிறகு வெறுமனே போவது என்று அதன் பொருள் மெல்ல நகர்ந்தது. ‘அனுப்பு’ என்ற பொருளுடைய செண்ட், இறந்தகாலத்தில் கடைசி ஒலி மட்டும் வல்லோசை பெற்று சென்ட் ஆகிறதல்லவா? அதே வழியில் வெண்ட், வென்ட் ஆனது.

அதற்குமுன் கோவுக்குச் சொந்தமாக ஓர் இறந்தகாலம் இருந்ததா என்றால், அப்போதும் இல்லை! ‘ஏஓடெ’ என்றொரு சொல் அந்த வேலையைப் பார்த்தது. அதுவும் வேறு வேரிலிருந்து வந்ததுதான். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் தென் இங்கிலாந்தில் அதை ஒதுக்கிவிட்டு வென்ட் அந்த இடத்தைப் பிடித்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் இந்தக் கடனே வேண்டாமென்று, தங்கள் வினையிலிருந்தே ஓர் இறந்தகாலத்தை ஆக்கிக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வெண்ட், ‘வெண்டட்’ என்று புதிதாக ஒன்றைப் பெற்றது. இன்று அந்த வினை பெரும்பாலும் ‘மெல்ல வழி பார்த்துப் போவது’ என்ற ஒரு தொடரில்தான் பிழைத்திருக்கிறது.

ஏன் இப்படிப்பட்ட குழப்பம் அன்றாடச் சொல்லில் போய் உட்கார்ந்திருக்கிறது? அன்றாடச் சொல் என்பதால்தான். அரிதாகப் புழங்கும் வினையின் ஒழுங்கற்ற வடிவம் மறந்துபோகும். மக்கள் பொது விதிப்படி புதிது செய்துகொள்வார்கள். நாளெல்லாம் வாயில் புரளும் வடிவத்தை மறக்க வழியில்லை. ‘இரு’ என்பதற்கான ஆங்கில வினையில் ஆம், வாஸ், பீ மூன்றும் தனித்தனி வேர்களிலிருந்து வந்து கூடியவை. பிரெஞ்சிலும் ‘போ’ என்பதன் நிகழ்காலமும் எதிர்காலமும் வெவ்வேறு லத்தீன் வினைகளின் வாரிசுகள்.

பொருளில் கோ இன்னும் சுவையானது. பால் கெட்டாலும், ஒருவருக்குப் பார்வை பறிபோனாலும், கடை திவாலானாலும் ஆங்கிலத்தில் எல்லாம் ‘கோ’தான். நமக்கு இது புதிதல்ல: கெட்டுப்போச்சு, உடைந்துபோச்சு, நரைத்துப்போச்சு. நல்லது நடந்தால் ஆங்கிலம் பெரும்பாலும் ‘வா’ பக்கம் சாய்கிறது. கனவு பலித்தால் அங்கே அது ‘உண்மையாக வருகிறது’. இரண்டு மொழிக்கும் ரத்த உறவு கிடையாது. கோ, போ என்ற ஓசை ஒற்றுமையும் தற்செயல். அதை வைத்து யாராவது ஆராய்ச்சி தொடங்கினால் நம்பவேண்டாம்.

எதிர்காலமும் அப்படியே. ஒரு காரியத்துக்காக ஓரிடத்துக்கு நடந்து போவதைச் சொன்ன ‘கோயிங் டு’, காலப்போக்கில் நடையைக் கைவிட்டு, இனி நடக்கவிருப்பதை மட்டும் சுட்டலானது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில இலக்கணக்காரர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். மழை எங்கும் நடந்து போவதில்லை; ஆனாலும் ‘மழை பெய்யப் போகிறது’ என்று நாமும்தானே சொல்கிறோம்?

ஆங்கிலம் தாய்மொழியான குழந்தைகளிடம் ஒரு வேடிக்கை உண்டு. முதலில் வென்ட் என்று சரியாகச் சொல்லும் குழந்தை, சில மாதங்கள் கழித்து ‘கோட்’ என்று தப்பாகச் சொல்லத் தொடங்கும். பின்னே போனதாக நினைக்கவேண்டாம். கேட்டதைத் திருப்பிச் சொன்ன நிலை போய், இறந்தகாலத்துக்கான விதியைக் கண்டுபிடித்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. உங்கள் வீட்டுப் பிள்ளையும் அப்படிச் சொன்னால் அதட்டாதீர்கள். முடிந்தால் வென்ட் எங்கிருந்து வந்தது என்ற கதையைச் சொல்லுங்கள்.