மின்சாரம் படிக்கலாமா?

பிளஸ் டூ பரீட்சையின் முடிவு வெளியாகும் மே மாதத்தில் நமது இல்லங்களில் நடக்கும் விவாதங்களைப் போல் பரபரப்பானவை சட்டசபையில்கூட நடப்பதில்லை. கணிதத்துக்கு நூறு, பௌதிகத்துக்கு ஐம்பது, ரசாயனத்துக்கு ஐம்பது என்று 200-க்குக் கணக்குப் போட்டு, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று தகப்பனாரும் தாய்மாமனுமாக முடிவு கட்டிவிடுகிறார்கள். இப்போதெல்லாம் அந்த முடிவு பெரும்பாலும் கம்ப்யூட்டர் என்பதுதான். அது கிட்டாத பட்சத்தில், "சரி, எலெக்ட்ரிகலாவது இருக்கட்டும்" என்று பெருமூச்சு விட்டுச் சம்மதிக்கிறார்கள். பந்தியில் மிஞ்சிய பண்டத்தை எடுத்துக்கொள்வதுபோல் ஒரு சாஸ்திரத்தை எடுத்துக்கொண்டால் அது எப்படி ஜீரணமாகும்?

விரும்பிச் சேருகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்களிலும் பலருடைய விருப்பம் வேறு எதன் மீதோ எழுந்தது. "எங்கள் பையன் மிக்ஸியைக் கழற்றி மாட்டிவிடுவான் ஸார்! பியூஸ் போனால் அவன்தான் போடுவான்" என்று பெருமையுடன் சொல்லும் பெற்றோர்களை, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பது நமது தொழிலாகையால், வருஷந்தோறும் சந்திக்கிறோம். கைத்திறமை போற்றத்தக்கதே. அதற்கென்று ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. அங்கே தேறியவன் எந்த ஊரிலும் பட்டினி கிடக்கமாட்டான். நான்கு வருஷப் பட்டப் படிப்போ வேறு ஜாதி. அங்கே கம்பியைக் காட்டிலும் கணக்கு அதிகம்.

உதாரணமாக, வீட்டுச் சுவரில் 230 வோல்ட் மின்சாரம் வருகிறது என்கிறோம். அந்த 230 எந்தக் கணத்திலும் நிலைத்து நிற்பதில்லை. சுமார் 325 வரை ஏறி, பூஜ்யத்துக்கு இறங்கி, எதிர்த் திசையில் மறுபடி 325 வரை சென்று திரும்புகிறது. ஒரு விநாடியில் 50 தடவை இந்த ஊஞ்சலாட்டம். 230 என்பது இந்த ஆட்டத்தை ஒரு விதமாகச் சராசரி கண்டு நாம் வைத்துக்கொண்ட எண். மின்விசிறியில் ஓடும் கரண்டோ வோல்ட்டேஜுடன் சேர்ந்து ஆடாமல் சற்றுப் பின்தங்கி ஆடுகிறது. இரண்டையும் எப்படிப் பெருக்குவது, எப்படிக் கூட்டுவது? ஜெர்மானிய அரசாங்கத்தின் கோபத்துக்கு ஆளாகி நாட்டை விட்டோடி, 1889-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஸ்டைன்மெட்ஸ் என்பவர், 1893-ல் இதற்கு வழி சொன்னார். மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் என்று கணித வாத்தியார்கள் பயமுறுத்துகிறார்களே, அந்தக் கற்பனை எண்ணைக் கொண்டுவந்து கணக்கைச் சுலபமாக்கிவிட்டார்! கணிதக்காரர்கள் அதை 'ஐ' என்பார்கள். கரண்டுக்கு அந்த எழுத்து ஏற்கெனவே போய்விட்டபடியால் மின்சாரக்காரர்கள் 'ஜே' என்கிறார்கள். முதல் இரண்டு வருஷங்களில் மாணவனுக்கு இந்த 'ஜே'யுடன்தான் குடித்தனம். மிக்ஸியைக் கழற்றிய வீரர்கள் பலர் மனமுடைந்து போவதும் இந்தக் கட்டத்திலேதான்.

தாக்குப்பிடித்தவனுக்குக் கிடைக்கும் ஆனந்தம் அலாதியானது. நமது வயல்களில் ஓடும் பம்ப் ஸெட் மோட்டார் ஒன்றின் தகட்டைப் பாருங்கள். நிமிஷத்துக்கு 1,440 சுற்று என்று பொறித்திருக்கும். அதனுள்ளே சுழலும் காந்தப் புலமோ நிமிஷத்துக்கு 1,500 சுற்று. பாக்கி 60 சுற்று எங்கே போயிற்று? உராய்வில் போயிற்று என்றுதான் எவனும் முதலில் சொல்வான். உண்மை அதுவன்று. காந்தப் புலமும் உள்ளிருக்கும் உருளையும் ஒரே வேகத்தில் சுற்றினால், உருளையின் கம்பிகளைப் புலம் வெட்டிச் செல்லாது. வெட்டாவிட்டால் அவற்றில் கரண்ட் பிறக்காது. கரண்ட் இல்லாவிட்டால் சுழற்றும் விசையே கிடையாது. பின்தங்குவதனாலேதான் மோட்டார் ஓடுகிறது! சிறு வயதிலிருந்து கேட்டுவந்த பம்ப் ஸெட்டின் இரைச்சலுக்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கிறதென்று தெரிந்துகொண்டவன் பிறகு அந்தப் படிப்பை விடவே மாட்டான்.

இந்தக் கல்விக்கு வயது அதிகமில்லை. 1882-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் எராஸ்மஸ் கிட்லர் என்பவரை மின்பொறியியலுக்கென்றே பேராசிரியராக நியமித்தார்கள். உலகில் அதுவே முதல். நமது கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் 1930-ல் இந்தப் பட்டப் படிப்பு ஆரம்பமாயிற்று. நீலகிரியில் பைக்காரா நதியின் தண்ணீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்த சமயம் அது.

"பெண்ணுக்குக் கரண்ட் வேலை எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதே கிண்டியிலிருந்து ஒரு வரலாற்றைச் சொல்லலாம். 1919-ல் பிறந்த ஸ்ரீமதி ஏ. லலிதாவுக்குப் பதினைந்தாவது வயதில் விவாகம். பதினெட்டாவது வயதில், கையில் பெண் குழந்தையுடன் வைதவ்யம். இராணி மேரிக் கல்லூரியில் இண்டர்மீடியட் தேறிய பிறகு வைத்தியம் படிக்கலாமா என்று யோசித்தார். நேரங்காலம் தெரியாத வைத்தியத் தொழிலில் குழந்தையை விட்டு ஓடவேண்டியிருக்குமே என்று அதை விட்டு, 1940-ல் மின்பொறியியலில் சேர்ந்தார். தகப்பனார் பப்பு சுப்பாராவ் அந்தக் கல்லூரியிலேயே பேராசிரியர். மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கியவர் அவர்தான். தனிமை தாளாமல் லலிதா திரும்பிவிடலாமா என்று நினைத்த சமயத்தில், லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்ற இரு பெண்கள் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். பட்டம் கொடுக்கும்போது, சான்றிதழில் 'அவன்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்ததைப் பேனாவால் அடித்து 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்களாம்!

லலிதா அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. 1948 முதல் கல்கத்தாவில் ஒரு பெரிய மின்சாரக் கம்பெனியில், நெடுந்தூர மின்பாதைகளும் உபநிலையங்களும் வகுக்கும் வேலை பார்த்தார். பக்ரா நங்கல் அணைக்கட்டின் மின்சார வேலையிலும் அவருக்குப் பங்குண்டு. விதவைக்கு வீட்டு மூலையே கதி என்றிருந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

1947-ல் நமது தேசம் முழுவதிலும் இருந்த மின் நிலையங்களின் திறன் 1,362 மெகாவாட். இன்று 4 லட்சம் மெகாவாட்டுக்கு மேல். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்-ஷோலாப்பூர் மின்பாதை இணைந்ததிலிருந்து, காஷ்மீரம் முதல் கன்னியாகுமரி வரை ஜெனரேட்டர்கள் அத்தனையும் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. செலவாகும் மின்சாரமும் உற்பத்தியாகும் மின்சாரமும் விநாடிக்கு விநாடி சமமாயிருக்க வேண்டும். தவறினால் என்ன ஆகும் என்பதை 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா கண்டது. இரண்டாம் நாள் சுமார் 60 கோடி ஜனங்கள் இருளில் தவித்தார்கள். ரயில்கள் நடுவழியில் நின்றன. தென்னாட்டு வலை அன்று தனித் தாளத்தில் ஓடியதால் நாம் தப்பினோம். இப்போது கமுதியின் சூரிய தகடுகளும் முப்பந்தலின் காற்றாலைகளும் அந்த வலையில் சேர்ந்திருக்கின்றன. மேகம் மறைத்தால் அங்கே உற்பத்தி குறைகிறது. காற்று ஓய்ந்தால் இங்கே குறைகிறது. தாளம் தப்பாமல் இவற்றைக் கட்டி மேய்க்கத் தெரிந்தவர்கள் தேவை. கம்ப்யூட்டர் படித்தவர்களின் உதவியும் இதற்கு வேண்டியதுதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வரவேண்டும் அல்லவா?

சம்பளத்தைப் பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயமே. மின்சார வாரியம், ரயில்வே, யந்திரத் தொழிற்சாலைகள் என்று வாசல்கள் பல உண்டு. என்றாலும் படிப்பு முடிந்த அன்றே கம்ப்யூட்டர் கம்பெனிகளைப்போல் கூட்டமாக வந்து அழைத்துப் போகமாட்டார்கள். பரீட்சை எழுதிக் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

கணிதத்தில் பையனுக்கோ பெண்ணுக்கோ உண்மையான ருசி இருக்கிறதென்று தெரிந்தால், கல்லூரியைத் தீர்மானிக்குமுன் நேரில் ஒரு முறை போய் வாருங்கள். வாசலில் இருக்கும் கண்ணாடி மாளிகையையும் பஸ் வரிசையையும் பார்த்து மயங்க வேண்டாம். மின் யந்திரங்களின் ஆராய்ச்சிக்கூடத்தைக் காட்டும்படி கேளுங்கள். சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை என்றாலும், மோட்டார்களின் மேல் விரற்கடைத் தூசி படிந்திருந்தாலும், மரியாதையாக நமஸ்காரம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். கம்பிகள் தாறுமாறாக மேஜையில் கிடந்து, நாலு மாணவர்கள் மீட்டரைச் சுற்றி நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தால், தாராளமாகப் பணத்தைக் கட்டுங்கள்.