சவுண்டல் இலையும் ஹவாய் ஆடும்

கயத்தாறு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கறவை மாட்டுக்கு ‘நல்ல பாக்டீரியா’ தூள் இரண்டு மாதமாகத் தீவனத்தில் கலந்து வைக்கிறாராம். பால் கூடவில்லை. இதெல்லாம் நிஜம்தானா என்று கேட்கிறார்.

நிஜம்தான். சோளத்தட்டையின் நாரைச் செரிக்க மாட்டுக்குச் சொந்தமாக நொதி கிடையாது. ரூமன் என்கிற பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதன் நீரில் ஒரு மில்லிக்கு ஆயிரம் கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்கள் உண்டு. அவைதான் தட்டையை நொதிக்கவைத்து மாட்டுக்குச் சத்தாக்குகின்றன. முடிவில் அவையே செரிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமாகவும் ஆகின்றன. நாம் தீனி போடுவது முதலில் அவற்றுக்கு.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது சவுண்டலின் கதை. சூபாபுல் என்றும் சொல்வோமே, அந்த மரம். மெக்ஸிகோ பக்கத்துப் பூர்வீகம். வறட்சி தாங்கும், இலையில் புரதம் மிகுதி. கூடவே மைமோசின் என்ற நஞ்சும் உண்டு. ஆஸ்திரேலியாவில் அதை நிறையத் தின்ற மாடுகளுக்கு முடி கொட்டியது, எச்சில் ஒழுகியது, தைராய்டு வீங்கியது. ஹவாய்த் தீவு ஆடுகளோ அதே இலையைத் தின்றுவிட்டு ஒரு குறையுமில்லாமல் திரிந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளருக்கு ஆட்டின் வயிற்றின் மேல் சந்தேகம் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஹவாய் ஆடுகளின் ரூமன் நுண்ணுயிர்களை ஆஸ்திரேலிய மாடுகளின் வயிற்றுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். நஞ்சு முறிந்தது! மந்தையில் சில மாடுகளுக்குக் கொடுத்தாலே மற்றவற்றுக்கும் அந்த நுண்ணுயிர்கள் பரவிவிடும். 1992-ல் நஞ்சை முறித்த பாக்டீரியாவுக்கு சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று அவர் பெயரையே சூட்டினார்கள்.

உறைமோர் தீர்ந்த நாளில் அம்மா என்னைக் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்புவாள். அதே வேலைதான் இதுவும். எங்கள் தொழுவில் ஒரு மாடு அசை போடாமல் கிடந்தபோது, தாத்தா இன்னொரு மாட்டின் கடைவாயில் கையை விட்டு அசையுருண்டையைப் பிடுங்கினார். பச்சைச் சாறு முழங்கை வரை வழிந்தது. அதை அப்படியே நோயாளி மாட்டின் தொண்டைக்குள் தள்ளினார். இன்று கால்நடை மருத்துவர்கள் நல்ல மாட்டின் ரூமன் நீரைக் குழாய் வழியே விடுகிறார்கள்.

ஆனால் கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிராகுமா? அரிசியை அள்ளிப் போடும்போது மாட்டு வயிற்றில் அதுதான் நடக்கிறது. மாவுச்சத்தில் கொழுக்கும் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைப் பெருக்க, நாரைச் செரிப்பவை மடிகின்றன. மாட்டுப் பொங்கலன்று ஆசையாகப் பொங்கலை ஊட்டி, மறுநாள் மாட்டைப் பறிகொடுத்த வீடுகள் உண்டு. கடையில் விற்கும் ஈஸ்ட் கலந்த தூள், ரூமனில் சேரும் ஆக்சிஜனைத் தீர்த்து, லாக்டிக் அமிலத்தைத் தின்னும் பாக்டீரியாக்களுக்குத் துணைநிற்கும். தீவனம் மாற்றும்போதும் வெயில் காலத்திலும் அது உதவும். தினமும் குண்டான் குண்டானாக ரேஷன் அரிசிக் கஞ்சி இறங்கினால் அது என்ன செய்யும்? 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் இந்தக் கரிசலுக்கென்றே சோள ரகங்கள் தந்திருக்கிறது. அந்தத் தட்டை படப்பில் மட்க, மாட்டுக்கு அரிசி வைப்பதைப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

கயத்தாறு நண்பரே, காலையில் சாணியைப் பாருங்கள். இளகி நுரைத்து, தானியம் முழுசாகத் தெரிந்தால் வயிறு புளித்திருக்கிறது. நீங்களும் அரிசி வைக்கிறீர்கள் என்றால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தட்டையை நறுக்கிப் போடுங்கள். சாணி கெட்டிப்பட்டு, படுத்த மாடு நிதானமாக அசை போடத் தொடங்கிய பிறகு அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கலாம்.