அப்பாவுக்கு ஒரு மலாக்கா மீன்

மலாக்கா உஜோங் பாசிரில், போர்த்துகீசியர் குடியிருப்பின் கடலோரக் கடையில் உட்கார்ந்து சுட்ட மீன் சாப்பிடுவது அப்பாவுக்கு வருடம் தவறாத வழக்கம். முழங்கால் வலி வந்தபின் கிள்ளானிலிருந்து அவ்வளவு தூரம் காரில் உட்கார முடியவில்லை. சரி, வீட்டிலேயே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதல் தடவை சொதப்பல். அரைத்த சம்பாலைப் பச்சையாகவே பூசி ஓவனில் வைத்துவிட்டேன். மீன் தண்ணீரில் மிதந்தது. அப்பா எனக்காக இரண்டு வாய் சாப்பிட்டார்.

போன வாரம் மறுபடியும். காய்ந்த மிளகாய் 15, சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல், புவா கெராஸ் 4, செராய் 2 தண்டு, துளி மஞ்சள், சுட்ட பெலாச்சான் ஒரு துண்டு. (மிளகாய் போர்த்துகீசியர் கப்பலில் வந்தது, செராயும் பெலாச்சானும் இங்கேயே இருந்தவை.) அரைத்ததை எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். அவசரப்பட்டால் என் முதல் மீன் கதைதான். பிறகு புளித்தண்ணீர், உப்பு, கொஞ்சம் சீனி.

800 கிராம் சியாக்காப்பைக் கீறி, ஈரம் போகத் துடைத்து, சம்பால் பூசி, மேலே வெண்டைக்காய் அடுக்கினேன். அனலில் வாட்டிய வாழையிலையில் மடித்து, அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றி, 200 டிகிரியில் 20 நிமிடம். பொதியைப் பிரித்து இன்னும் 5 நிமிடம் வைத்தேன். ஓரம் லேசாகக் கருகியது.

அப்பா ஒரு வாய் எடுத்து, "உப்பு கொஞ்சம் கம்மிம்மா" என்றார். சோறு மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்கினார்.